வெங்காயச் சருகு நிறத்தில் இரண்டு கயிறுகள்

சுபலட்சுமி பதினொரு கல்லூரிகளைக் கட்டியிருக்கிறாள். எல்லாவற்றிலும் ஒரு கொன்றை மரம் உண்டு. எல்லாவற்றிலும் கேன்டீன் உண்டு. கேன்டீனின் மூலையில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மேசை உண்டு. அந்த மேசையில் தங்கப் பதக்கம் வாங்கப்போகிற பெண்ணும் பதினான்கு அரியர் வைத்திருக்கிற பையனும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நாற்பதாவது அத்தியாயத்தில் மாலை மாற்றிக்கொள்வார்கள். இருபத்தொன்பது வயதுவரை அவள் எந்தக் கல்லூரியின் வாசலையும் மிதித்ததில்லை.

அவள் உட்காருகிற இடம், ஆரணியில் ஒரு பட்டுத்தறியின் வலது பக்கம். கணவன் தனசேகரன் நடுவில் உட்கார்ந்து புடவையின் உடலையும் இடது கரையையும் நெய்வான். வலது கரைக்குத் தனி நாடா, குறுக்கு இழையைச் சுமந்து ஓடுகிற சிறு கட்டை. அதை வீச இன்னொரு கை வேண்டும். அவன் மிதிக்க, அவள் வீச, அவன் மிதிக்க, அவள் வீச, நாள் முழுக்க அதுதான். முன்பு அந்த இடத்தில் தனசேகரனின் தங்கை சூர்யகலா உட்கார்ந்திருந்தாள். அவள் செய்யாருக்குக் கல்லூரிக்குப் போன அன்று அந்த நாடா அண்ணியின் கைக்கு வந்தது. ஒருத்தி எழுந்து கல்லூரிக்குப் போனாள். இன்னொருத்தி அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். பின்னால் நடந்தது எல்லாம் இந்த இட மாற்றத்தில் தொடங்கியதுதான்.

சுபலட்சுமியின் சொந்த ஊர் தேசூர். 2013-இல் பிளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து அறுபத்தொன்று வாங்கினாள். செய்யார் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்துக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதே வியாழக்கிழமை ஆரணியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

“கடுதாசி எங்கம்மா ஓடிப் போவுது? நல்ல எடம், தானா வீட்டுக்கு வந்துகினு இருக்குது,” என்றார் அப்பா.

கடிதம் ஓடிப்போகவில்லைதான். இன்றும் அவள் பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில் மடித்தபடி இருக்கிறது. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று சோதிடர் சொன்னார். பொருந்தாமல் போன அந்த ஒன்று எது என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரத்து அறுபத்தொன்று எந்தக் கட்டத்தில் வருகிறது என்றும் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் மூளையை வெளியே நிறுத்திவிட்டு அவள் நட்சத்திரத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசுகிற ஏற்பாட்டுக்குப் பெயர் பொருத்தம்.

தனசேகரன் கெட்டவன் இல்லை. எட்டாம் வகுப்போடு தறிக்குழிக்குள் இறக்கப்பட்டவன். குடிக்கமாட்டான், கை ஓங்கமாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். அவனுக்கு நடந்த அநியாயத்தை யாரும் அநியாயம் என்று அவனிடம் சொன்னதில்லை. அதனால் மனைவிக்கு நடந்ததும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

2021 ஊரடங்கில் தறிகள் நின்றபோது, சூர்யகலாவின் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வந்தது. வகுப்பு முடிந்த பிறகு அண்ணி அதில் கதை படித்தாள். செயலி ஒன்றில் தொடர்கதைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. எல்லாம் கல்லூரிக் காதல். இருபது கதை படித்த பிறகு ஒரு நாள் சொன்னாள்:

“இத விட நான் நல்லா எழுதுவேன் கலா.”

“எழுதுங்க அண்ணி. இன்னா பேரு போடலாம்?” என்று கேட்டு, அந்த நிமிடமே கணக்கைத் திறந்து கொடுத்தாள் சூர்யகலா. ‘சாரல் தாரா’ என்ற பெயரும் அவள் வைத்ததுதான். சாரல் தாரா யார் என்று தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

தாரா வளர்ந்தாள். திங்கள், வியாழன், மதியம் இரண்டு மணிக்கு ஒரு அத்தியாயம். நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றும்போதும், சோறு வேகும்போதும், தனசேகரன் முதலாளி வீட்டுக்குப் பட்டு வாங்கப் போன நேரத்திலும் போனில் தட்டித் தட்டி எழுதினாள். அந்தச் செயலியில் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டும் வசதி உண்டு. தெருவில் தார் சுற்றுகிற பெண்கள் அதைப் போட்டுவிட்டுத்தான் ராட்டையைச் சுற்றினார்கள். பக்கத்து வீட்டுச் சசிகலாவுக்கு வியாழக்கிழமை இரண்டு மணி என்றால் கோயில் பூசை நேரம் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் உயிரில்லாத குரல் ஒன்று, “அவன் பார்வை அவளைத் துளைத்தது,” என்று படிக்கும்; இந்தப் பக்கம் அதை எழுதியவள் முகத்தில் எதையும் காட்டாமல் வலது கரைக்கு நாடா வீசிக்கொண்டிருப்பாள்.

இந்தக் கதைகளை ஏளனம் செய்கிற படித்த கூட்டம் ஒன்று இருக்கிறது. எனக்கு அவர்களோடு ஒப்புதல் இல்லை. படிக்க விடாமல் தடுத்துவிட்டு, பிறகு அவள் எழுதுவதில் இலக்கணம் பார்ப்பது யோக்கியமான வேலை அல்ல. ஆனால் எனக்கு வேறொரு வழக்கு உண்டு. இவற்றை எல்லாம் ‘பொருந்தாத ஜோடி’க் கதைகள் என்கிறார்கள். அவன் ஆறடி, அவள் நாலடி பத்தங்குலம். அவன் கோடீஸ்வரன், அவள் ஸ்காலர்ஷிப். அவன் பைக் ரேஸ், அவள் நூலகம். எல்லாம் பொருந்தாது, சாதி மட்டும் பொருந்திவிடும். நானூறு பக்கத்தில் ஒரு இடத்திலாவது அந்தப் பேச்சு வருகிறதா என்று பார்த்தால் வராது. இந்த நாட்டில் இரண்டு பேரைப் பிரிக்கிற விஷயம் உயரமா? தாராவின் பதினொரு கல்லூரிகளிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வீட்டுக்கே வந்தது.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியிடம் சூர்யகலா சொன்னாள்: “அண்ணி, ஒருத்தன் இருக்கான்.”

பெயர் இளஞ்செழியன். படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அங்கிருந்து வருகிற பேருந்துகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதனால் விடியற்காலையே கிளம்பி ஆரணிக்கு வந்து, செய்யார் வண்டி எடுக்கும்வரை பழைய பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து படிப்பவன். அம்மா களை பறிக்கப் போகிறவர். பையன் கணக்குப் பாடத்தில் கெட்டி. சூர்யகலாவுக்குக் கணக்கு என்றாலே பேஜார். “டவுட் கேக்கப் போனேன் அண்ணி, அவன் என்னப் பாக்காம நோட்டையே பாத்துகினு சொல்லிக் குடுத்தான். எனக்குக் கோவம் வந்திடுச்சு,” என்றாள்.

“காலனியா?”

“ஆமா. அதுக்கு இன்னா இப்போ?”

அண்ணி தோசையைத் திருப்பினாள். சாதி அவளுக்கு அன்று ஒரு பொருட்டாக இல்லை என்று சொன்னால் நம்புவீர்களோ, என்னவோ. அவள் வயிற்றில் எரிந்தது வேறு. கற்பனை செய்து கற்பனை செய்து தான் கட்டிய பதினொரு கல்லூரிகளிலும் கிடைக்காத ஒன்று, ‘கோவம் வந்திடுச்சு’ என்று இந்தப் பெண் அலட்சியமாகச் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒன்பது வயதிலிருந்து இவள் தலை பின்னிவிட்டு வளர்த்த பெண் அவள்.

அதிலிருந்து பொறாமைக்கு ஓய்வில்லை. சூர்யகலா மாலையில் வந்து டிபன் டப்பாவைக் கழுவப் போடுவாள். உள்ளே யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த புளிசாதம் இருக்கும், அது தான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் அல்ல என்று அண்ணிக்குத் தெரியும். அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது சுபலட்சுமி அந்த நீலப் பட்டியைத் தன் கழுத்தில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றாள். அட்டையில் இருந்த முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம். பிறகு, மாமியார் கமலத்தின் செருப்புச் சத்தம் கேட்டு, திருடியதைப் போடுகிறவள் மாதிரி ஆணியில் மாட்டினாள்.

கலாவிடம் வாங்கிய செய்தி எல்லாம் கதைக்குப் போயிற்று. பன்னிரண்டாவது கதை தொடங்கியிருந்தது: ஆதவ் என்று ஆறடிப் பணக்காரப் பையன், பேருந்தில் கல்லூரிக்குப் போகிற ஒரு நெசவாளி வீட்டுப் பெண். தாரா எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை என்று வாசகர்கள் எழுதினார்கள். பாராட்டு வர வர எரிச்சல் கூடியது. அந்தப் பாராட்டில் பாதி கலாவுடையது அல்லவா?

அந்த மாசியில் தனசேகரனின் தறியில் ஒரு விசேஷமான பாவு, புடவையின் நீளவாட்டு இழைகள், ஏறியிருந்தது. ஒரு கல்யாண வீட்டார் பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதே நிறம் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருந்தார்கள். வெங்காயச் சருகு நிறம்; அதிலும் உரித்த மறுநாள் காய்ந்த சருகின் நிறம். சாயக்காரர் நான்கு முறை காய்ச்சிக் கொண்டுவந்தார். மூன்று புடவைக்கு மட்டும். கரை பாட்டில் பச்சை. தெருவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

புடவைகள் முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுப்பார்கள். அப்போது பழைய பாவின் மிச்சம் ஒரு முழ நீளத்துக்கு வெளியே வரும். அதை வெட்டிப் போடுவது வழக்கம். சூர்யகலா அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, சருகு நிறத்தில் இரண்டு புரி, பச்சையில் ஒரு புரி வைத்து, கைக்குக் கட்டுகிற கயிறாகப் பின்னினாள். இரண்டு நாள் கழித்து, போனில் ஒரு படம் காட்டினாள். கறுத்த மணிக்கட்டு ஒன்றில் அந்தக் கயிறு.

“எப்படி இருக்குது அண்ணி? அவன் கைக்கு எடுப்பா இல்ல?”

“நல்லா இருக்குது,” என்றாள் அண்ணி.

அன்று மதியம் குப்பைக்கூடையில் மிச்சமிருந்த இழைகளை எடுத்து, அதே மாதிரி இன்னொரு கயிறு பின்னினாள். கட்டிவிட ஒரு கை இல்லை. தனசேகரன் அந்த மாதிரி எதையும் கட்டிக்கொள்கிறவன் அல்ல. கட்டிக்கொண்டாலும் இவளுக்கு அது போதாது. கயிற்றை அரிசி டிரம்மில் அடிவரை கை விட்டுப் புதைத்தாள். பிறகு உட்கார்ந்து முப்பத்துநாலாவது அத்தியாயத்தை எழுதினாள்.

பட்டுக்கயிறு என்று மட்டும் எழுதியிருக்கலாம். சிவப்பு என்று எழுதியிருக்கலாம். ‘பாவில் மிஞ்சிய வெங்காயச் சருகு நிற இழையும் கரையின் பாட்டில் பச்சையும்’ என்று எழுதினாள். கை தவறிவிட்டது என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பதினொரு கதைகளில், தன் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தைக்கூடக் காட்டிக்கொடுக்காத கை அது.

சென்னையிலோ கோவையிலோ படித்தவர்களுக்கு அது ஒரு நிறம். ஆரணியில் அது ஒரு வீட்டு எண்.

வியாழன் மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் படித்துக்கொண்டே வந்தது. அந்த வரி வந்தது. ராட்டைச் சத்தம் நின்றது. குரல் ஒரு தடவை பின்னால் போய் அதே வரியை மறுபடியும் படித்தது. இரண்டாவது நிமிடம் சசிகலா வாசலில் நின்றாள், போன் கையில்.

“தனசேகர் அண்ணே, அந்தச் சருகுக் கலர் பாவு நம்ம தெருவுல உங்க தறியில மட்டும்தானே ஏறிச்சு?”

“ஆமா. இன்னா?”

“இல்ல, கதையில வருது. பாட்டில் பச்சைக் கரையோட. அந்தப் பொண்ணு பஸ்ஸுல காலேஜு போவுது. அண்ணன்காரன் தறி நெய்யிறான். அது ஒரு பையனுக்கு அதுல கயிறு பின்னிக் கட்டுது. நம்ம தெருவுல பஸ்ஸுல காலேஜு போறது யாரு?”

தறி நின்றது. சுபலட்சுமியின் கையில் வீசாத நாடா. பின்கட்டிலிருந்து கமலம் வந்து, “மறுபடி போடு அத,” என்றாள். உயிரில்லாத குரல் மூன்றாவது முறை படித்தது.

சூர்யகலா வருவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் வாழ்க்கை மொத்தமும் பேசி முடிக்கப்பட்டது. பன்னிரண்டு நாளில் கடைசிப் பருவத் தேர்வு, அது வேண்டாம். தேசூர் பக்கம் ஒரு வரன் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்குச் சொல்லியனுப்புவது. ‘பையன் யாரு?’ என்ற ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் பெயர் வெளியே வந்தால், அந்த ஊரின் பெயர் வெளியே வந்தால், பேச்சு சித்தப்பா வீட்டுக்கும் சாதிச் சங்கத்துக்கும் போகும். அதற்குப் பிறகு நடப்பது செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும். எத்தனை நாலு வரிகளைப் படித்துவிட்டோம் நாம்.

சுபலட்சுமி அடுப்படியில் நின்றாள். ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அவளுக்குள் முதலில் எழுந்தது பயம் அல்ல, ஒரு திருப்தி. எனக்கு ஒரு வியாழக்கிழமை; உனக்கும் ஒரு வியாழக்கிழமை. அந்தத் திருப்தி பால் பொங்கி அடங்குகிற நேரம்தான் இருந்தது. அடங்கியதும் வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

ஐந்து மணிக்குச் சூர்யகலா பையோடு உள்ளே வந்தாள்.

“ஐடி கார்டக் கழட்டு,” என்றான் தனசேகரன்.

“இன்னா அண்ணா?”

“கழட்டுடி. நாளையிலேர்ந்து காலேஜு கெடையாது. கயிறு எவன் கையில இருக்குது?”

கமலம் குறுக்கே புகுந்தாள்: “தெருவே கேட்டுகினு இருக்குது உன் பவுசு. யாருடி அவன்? எந்தூரு? நம்மாளுங்களா?”

சூர்யகலா சசிகலாவின் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “அண்ணி,” என்றாள். ஒரு சொல்தான். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. யார் செய்தது என்று தெரிந்துகொண்ட சொல்.

சுபலட்சுமி அரிசி டிரம்மைத் திறந்து முழங்கைவரை கை விட்டாள். அரிசி ஒட்டிய கயிற்றை எடுத்துவந்து, தறியின் மேல் வைத்தாள்.

“இந்தக் கயிறுதான். பின்னினது நான்.”

“நீயா?” என்றாள் கமலம்.

“தாராவும் நான்தான் அத்தை. இந்தக் கதைய எழுதுறது நான். கலாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்தப் பொண்ணு பஸ்ஸுல போவுதுன்னு பாத்துகினே எழுதினேன். அவ்ளோதான்.”

யாரும் நம்பவில்லை. போனைத் திறந்து, இன்னும் வெளிவராத முப்பத்தைந்தாவது அத்தியாயத்தைக் காட்டினாள். முதலில் நம்பியவள் சசிகலா.

“ஐயய்யோ! சுபாக்கா, நீயா தாரா? ஆதவ்வுக்கு ஆக்சிடென்ட் பண்ணது நீயா? ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல, பக்கத்து வீட்ல உக்காந்துகினு ஒரு வார்த்த சொன்னியா? பொழச்சிக்குவானா, மாட்டானா?”

“சசி, வீட்டுக்குப் போ,” என்றான் தனசேகரன்.

அவள் போனதும் கயிற்றைக் கையில் எடுத்தான். நெசவாளியின் விரல் அல்லவா, பின்னலைத் தடவிப் பார்த்தது. “யாருக்குப் பின்னின?”

“யாருக்கும் இல்ல.”

“யாருக்கும் இல்லாததையா அரிசியில பொதச்சு வெப்பாங்க?”

அதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் கலாவின் கயிறும் வெளியே வரும். அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவன் தனக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தைக் கொடுத்துக்கொண்டான்.

சந்தேகம் அண்ணி பக்கம் திரும்பியதால் தங்கையின் தேர்வு தப்பித்தது. தேசூர் வரன்காரர்களும் டிகிரி முடித்த பெண்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அடையாள அட்டை மறுபடியும் ஆணிக்கு வந்தது. ஆனால் கமலம் அனுபவசாலி, பாதிதான் நம்பினாள். சுபலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு, “பரிச்சை அஞ்சு நாளும் நீ அவகூடப் போ. கண்ண எடுக்காத,” என்றாள். சூர்யகலாவையும் தனியாகக் கூப்பிட்டு, “உன் அண்ணி யார்கிட்டப் பேசுதுன்னு பாத்துக்க,” என்றாள். ஒரே வீட்டில் இரண்டு கைதிகள், இரண்டு காவலர்கள்; ஆட்கள் மொத்தம் இரண்டு பேர்தான்.

தனசேகரன் கதையைப் படிக்கத் தொடங்கினான். பன்னிரண்டையும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை மடியில் வைத்து, ஆதவ்வையும் அவனுக்கு முந்தைய பதினொரு பேரையும் துப்பறிந்தான். ஆறடி. கண்ணில் ஒரு பச்சை. இடது புருவத்தில் வெட்டு. கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று தன் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டான், மகள் சிரித்தாள். கோடு ஆறடிக்கு ஒரு சாண் கீழே நின்றது.

எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. ஆண் காதல் கதை எழுதினால் கற்பனை வளம். பெண் எழுதினால் வாக்குமூலம். ஆயிரம் பெண்களை வர்ணித்த கவிஞனின் வீட்டு அரிசி டிரம்மை யாராவது கிளறியிருக்கிறார்களா?

கணவனும் மனைவியும் பேசாமல் இருந்தார்கள். ஆனால் அந்தத் தறியில் பேசாமல் இருக்கலாம், சேராமல் இருக்க முடியாது. அவன் மிதிக்கவேண்டும், அவள் வீசவேண்டும். எட்டாவது நாள், கால் மிதியில் இருக்கும்போதே கேட்டான்:

“ஆறடி இருக்கறவனுக்கு இந்தக் குழியில காலு எறங்குமா?”

“எறங்காது.”

“பின்ன ஏன் அவனையே எழுதுற?”

“ஆளு யாரும் இல்லீங்க. நான் போகாத காலேஜு அது. ஆளு மாதிரி எழுதிகினு இருக்கேன்.”

“காலேஜுக்காடி கயிறு பின்னுவாங்க?”

அவள் நாடாவை மடியில் வைத்தாள். “கலா மேல பொறாமை. தெனம் அது பஸ்ஸுக்குக் கெளம்பும்போது எனக்கு வயிறு எரியுது. அந்த வெறியில பின்னினேன். போதுமா?”

பத்துக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துக் கட்டிவைக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். தனசேகரன் கரை இழை ஒன்று அறுந்திருப்பதைப் பார்த்து, முடிச்சுப் போட்டான். முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“எட்டாவதோட என்ன நிறுத்தினப்ப அது பொறக்கவே இல்ல. அது மொத நாளு காலேஜு பையத் தூக்கினப்ப எனக்கும் எரிஞ்சுது. வெளிய சொன்னா அசிங்கம்னு வீசிகினே இருந்தேன்.”

பிறகு மிதித்தான். அவள் வீசினாள். கயிற்றைத் திருப்பிக் கொடுத்தான், ஆதவ்வை மன்னிக்கவில்லை. “அந்தப் புருவ வெட்ட மட்டும் எடுத்திரு,” என்றான் மறுநாள்.

தேர்வு நாட்களில் வலது கரை நாடாவைக் கமலமே வீசினாள், முழங்கால் வலியோடும் முனகலோடும். சுபலட்சுமி கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல், காவல்காரியாகத் தன் முதல் கல்லூரிக்குள் நுழைந்தாள். கொன்றை மரம் இல்லை, வேப்பமரம் இருந்தது. கேன்டீனில் மூலை மேசை இல்லை. மேசையே இல்லை, நின்றுகொண்டு டீ குடித்தார்கள். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் இருபது வயதுப் பெண்கள் கடைசி நிமிடத்தில் புரட்டிக்கொண்டு போன புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் தனக்கு எடுத்துவைத்து, பிறகு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டவை மாதிரி இருந்தன.

முதல் மூன்று தேர்வுவரை சூர்யகலா பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது நாள், வண்டி ஆரணியைத் தாண்டியதும் கேட்டாள்:

“வேணும்னேதான் எழுதினீங்களா அண்ணி?”

“ஆமா.”

“தெரியும். உங்களுக்குக் கமா கூட எடம் மாறாது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலைந்து நிறுத்தம் கழித்து, “உங்க கயிறு மட்டும் இல்லன்னா அன்னிக்கு நான் அவ்ளோதான்,” என்றாள். நன்றியா, குற்றச்சாட்டா என்று சுபலட்சுமியால் பிரிக்க முடியவில்லை. இரண்டும்தான்.

அன்று மரத்தடியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதினாள். ஆதவ்வின் அப்பாவுக்குக் கம்பெனி இல்லை என்று எழுதினாள். அவன் அம்மா களை பறிக்கப் போகிறவர். ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. புருவ வெட்டை எடுத்தாள், உயரத்தையும் வெட்டினாள். அவள் வீட்டில் என்ன கேட்டார்கள் என்பதைக் கமலத்தின் வார்த்தையிலேயே எழுதினாள்: ‘நம்மாளுங்களா?’ வெளியிட்ட ஒரு மணி நேரத்தில் வாசகர்கள் கொந்தளித்தார்கள். எங்கள் ஆதவ்வை ஏன் கெடுத்தீர்கள்? கதையில் எதற்கு அரசியல்? நாலாயிரம் பேர் பின்தொடர்வதை விட்டார்கள். ஆறடியைச் சகித்தவர்கள், அரியரைச் சகித்தவர்கள், இந்தப் பொருந்தாமையை மட்டும் சகிக்கவில்லை. சசிகலா நேரிலேயே வந்து சண்டை போட்டாள்: “வெளியதான் அந்தப் பேஜாருன்னா கதையிலயுமாக்கா?” ஆனால் அவள் விடவில்லை, திட்டிக்கொண்டே மூன்று முறை போட்டுக் கேட்டாள்.

கடைசித் தேர்வு ஒரு மணிக்கு முடிந்தது. சூர்யகலா வெளியே வந்தாள். பக்கத்தில் அவளைவிட இரண்டு விரற்கடை குட்டையான ஒரு பையன். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருந்தான். பொத்தானுக்குக் கீழே பட்டின் நுனி தெரிந்தது.

“வணக்கம் அண்ணி,” என்றான் இளஞ்செழியன். “கதை படிச்சேன். எங்கம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“களை பறிக்கிறவ அவ்ளோ நல்லா பேசமாட்டாளேன்னாங்க.”

சூர்யகலா சிரித்தாள். பிறகு அண்ணியின் கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். சுபலட்சுமியின் இடது மணிக்கட்டில், வளையல்களுக்கு நடுவே, சருகும் பச்சையுமாக இரண்டாவது கயிறு இருந்தது. கட்டிவிட ஆள் இல்லாததால் பல்லால் கடித்துத் தானே கட்டிக்கொண்டது. முடிச்சு கோணலாக இருந்தது.

“ரிசல்ட் வர்ற வரைக்கும் தேசூர்க்காரங்கள நான் இழுத்துப் புடிக்கிறேன்,” என்றாள் சுபலட்சுமி. “அதுக்குள்ள ரெண்டு பேரும் வேலைக்கோ மேல படிக்கவோ வழி பாருங்க. பேரு என் வாயிலேர்ந்து வராது. ரெண்டு மணிக்குத்தான் பஸ்ஸு. நான் அந்தப் பக்கம் பாத்துகினு இருக்கேன்.”

வேப்பமரத்தின் மறுபக்கம் போய், கல்லூரியின் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் ஏதோ மெதுவாகச் சொல்வதும், கலா அதற்குச் சண்டைக்குப் போவதும், உடனே சிரிப்பதும் கேட்டது. அவள் எழுதிய எந்த மேசையிலும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. இரண்டு மணிவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.